ஒப்பந்தத்தில் இரண்டு கையெழுத்து

புனே சிவாஜிநகர் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் எனக்கு வரும் வழக்குகளில் பெரும்பாலானவை வாடகை, பாகப்பிரிவினை, வேலை ஒப்பந்தம் சம்பந்தப்பட்டவை. 2019-ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு கால்பந்து ஆட்டக்காரர் கட்சிக்காரராக வந்தார். அவருடைய விவகாரம் நீதிமன்றப் படி ஏறவில்லை, எந்தச் சட்ட இதழிலும் பதிவாகவில்லை. ஆனாலும் என்னிடம் ஜூனியராகச் சேர்பவர்களுக்கு ஒப்பந்தச் சட்டத்தை விளக்க வேண்டும் என்றால் நான் முதலில் எடுத்துச் சொல்வது அந்த விவகாரத்தைத்தான்.

அந்த ஆட்டக்காரர் புனேயின் கட்கியில் பிறந்து வளர்ந்த பையன். குடும்பத்தின் பூர்வீகம் வேலூர்ப் பக்கம். கட்கி, கேம்ப், ராஸ்தா பேட் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் போலவே இவர்களும் வீட்டில் தமிழும் தெருவில் மராத்தியும் பேசுபவர்கள். பையனுக்கு அப்போது 21 வயது. ஐ-லீக்கில் ஆடிய ஒரு கிளப்புடன் மூன்று வருட ஒப்பந்தம் போட்டிருந்தான். அதில் பாதிக்குச் சற்று மேல் மீதி இருந்தது. முதல் வருடம் பெஞ்சில் உட்கார்ந்தவன், இரண்டாம் சீசனில் முதல் பதினொருவரில் இடம்பிடித்தான். அந்த ஆட்டத்தைப் பார்த்த ஓர் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கிளப், ஏஜென்ட் மூலம் ஆள் அனுப்பியது. அவன் வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தைப்போல் மூன்று மடங்கு தருவதாகப் பேச்சு.

பழைய கிளப் விட மறுத்தது. ஏஜென்ட் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். பயிற்சிக்குப் போகாதே, முழங்கால் வலி என்று சொல், ஒரு மாதச் சம்பளம் தாமதமாகியிருக்கிறது, அதைக் காரணம் காட்டி ஒப்பந்தம் ரத்து என்று மின்னஞ்சல் அனுப்பிவிடு, ஜனவரி டிரான்ஸ்ஃபர் விண்டோவில் புதிய இடத்தில் கையெழுத்துப் போடலாம். ரத்துக் கடிதம் ஆங்கிலத்தில் தயாராகப் பையனின் போனில் இருந்தது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அப்பா ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்டது வேறு கேள்வி.

“சார், கால்ல அடிபட்டப்ப ஆபரேஷன் செலவு பூரா அந்த கிளப்புதான் பாத்துச்சு. இப்ப விட்டுட்டுப் போனா துரோகம்னு சொல்றாங்க. ஆனா இவனுக்கு ஆடுற வயசு பத்து வருசம்தான். நான் எந்தப் பக்கம் பேசறது?”

சட்டம் அந்த இரண்டு பக்கத்தையும் பார்க்கிறது. அதை அவர்களுக்கு விளக்க எனக்குக் கைகொடுத்தது, அதே ஆண்டில் புனேயையும் தமிழ்நாட்டையும் சேர்த்துப் பேசவைத்த நெஸ்டர் கோர்டில்லோ விவகாரம்.

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்சி, மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் கோப்பையைக் கைப்பற்றியது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். தேசிய லீக்கைத் தமிழ்நாட்டு கிளப் ஒன்று வென்றது அதுவே முதல்முறை. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். பெட்ரோ மான்சி உள்ளிட்ட, ஸ்பெயினிலிருந்து வந்த ஆட்டக்காரர்கள் அணியின் முதுகெலும்பு. அவர்களில் ஒருவர்தான் நடுக்களத்தில் ஆடிய கோர்டில்லோ. சென்னை சிட்டியுடன் அவருடைய ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே எஃப்சி புனே சிட்டி அவரை எடுத்துக்கொண்டது என்பது புகார். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் பிளேயர்ஸ் ஸ்டேட்டஸ் கமிட்டி புகாரை விசாரித்தது. ஒப்பந்தத்தை மீறினார் என்று கோர்டில்லோவுக்கு நான்கு மாதத் தடை விதித்தது.

இதற்கிடையில் எஃப்சி புனே சிட்டி என்ற கிளப்பே இல்லாமல் போயிற்று. 2014-இல் ஐஎஸ்எல் தொடங்கியபோது ஹிருத்திக் ரோஷன் பங்குதாரராக இருந்து, பாலேவாடி ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய கிளப் அது. 2017-18 சீசனில் அரையிறுதிவரை போனது. 2019-இல் மூடப்பட்டு அதன் இடத்தில் ஹைதராபாத் எஃப்சி வந்தது. கோர்டில்லோ தடைக்காலத்தைக் கழித்தது ஹைதராபாத் ஆட்டக்காரராக. சீசனின் முதல் பகுதி முழுவதும் அவரால் களமிறங்க முடியவில்லை.

இதைத்தான் நான் அப்பாவுக்கும் மகனுக்கும் முதலில் சொன்னேன். அழைத்த கிளப் காணாமல் போய்விட்டது. தடை மட்டும் ஆட்டக்காரரோடு ஊர் மாறி வந்தது.

பிறகு விதிகளை எடுத்தேன். நம் சம்மேளனத்தின் விதிகள் ஃபிஃபாவின் டிரான்ஸ்ஃபர் விதிகளை அடியொற்றியவை. 13-ஆம் விதி ஒப்பந்தம் முடிவுக்கு வர இரண்டு வழிகளைத்தான் சொல்கிறது: காலம் முடிய வேண்டும், அல்லது இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். நியாயமான காரணம் இருந்தால் இடையில் விலகலாம் என்பது 14-ஆம் விதி. சம்பள பாக்கிக்கு 2018-இல் தனி விதியே சேர்த்தார்கள். குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் சட்டவிரோதமாக நிலுவையில் இருக்க வேண்டும். கிளப்புக்கு எழுத்தில் தெரிவித்து, பாக்கியைத் தீர்க்க 15 நாளாவது அவகாசம் தர வேண்டும். அதன்பிறகும் கொடுக்காவிட்டால்தான் விலகும் உரிமை பிறக்கும்.

பையனுக்கு நிலுவையில் இருந்தது ஒரு மாதம். நோட்டீஸ் கொடுக்கப்படவில்லை. ஆக, போனில் இருந்த கடிதத்துக்குச் சட்டத்தில் நிற்கக் கால் இல்லை. அனுப்பியிருந்தால் அதுவே அவனுக்கு எதிரான முதல் சாட்சியம் ஆகியிருக்கும்.

17-ஆம் விதி விளைவைச் சொல்கிறது. 28 வயதுக்கு முன் போட்ட ஒப்பந்தம் என்றால் முதல் மூன்று சீசன் அல்லது மூன்று வருடம், இதில் எது முந்துகிறதோ அதுவரை பாதுகாப்புக் காலம். அதற்குள் காரணமின்றி விலகினால் நான்கு மாதத் தடை. விஷயம் மோசமாக இருந்தால் ஆறு மாதம். அன்றைய விதிப்படி இழப்பீட்டை ஆட்டக்காரரும் புதிய கிளப்பும் சேர்ந்தும் தனித்தும் செலுத்த வேண்டியிருந்தது. தூண்டியது புதிய கிளப்தான் என்றே விதி அன்று அனுமானித்தது. இல்லை என்று காட்டும் பாரம் அந்தக் கிளப்பின் மேல் இருந்தது. காட்ட முடியாவிட்டால் இரண்டு விண்டோக்களுக்கு யாரையும் பதிவு செய்ய முடியாது என்ற நிலை.

அதே விதியில் இன்னொரு வரியும் உண்டு. சீசன் முடிந்து அடுத்த சீசன் தொடங்கும்வரை தடைக்காலம் ஓடாது, நின்றுவிடும். இதைச் சொன்னபோது பையன் முகம் மாறியது. “அப்ப நாலு மாசம்னா நாலு மாசம் இல்லையா சார்?” என்றான். இல்லை என்றேன். அது எவ்வளவு உண்மை என்று சில மாதங்களில் எல்லோருக்கும் தெரிந்தது. கொரோனா வந்தது. 2020 மார்ச் 14-இல் ஐஎஸ்எல் இறுதிப்போட்டி கோவாவில் பார்வையாளர் இல்லாமல் நடந்தது. ஐ-லீக் பாதியில் நின்றது. அடுத்த ஐஎஸ்எல் தொடங்க நவம்பர் 20 ஆயிற்று. ஜனவரியில் அவனுக்குத் தடை விழுந்திருந்தால், மீதி நாட்களை அந்த நவம்பரிலிருந்து கழித்திருக்க வேண்டும். 21 வயதில் ஏறக்குறைய ஒரு வருடம் ஆட்டம் இல்லாமல் போயிருக்கும்.

இவை விளையாட்டு விதிகள். நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்தோம். ‘விடமாட்டோம்’ என்று கிளப் சொல்வதற்கு உண்மையில் எவ்வளவு பலம் என்பது அங்கேதான் தெரியும்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. பிரிவு 27: ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டப்படி, ஒருவரின் தனித்திறமையைச் சார்ந்த ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்று என்று நீதிமன்றம் ஆணையிடாது. எந்த நீதிபதியும் ஒரு பையனை மைதானத்துக்குள் தள்ளி ஆடு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒப்பந்தக் காலத்துக்குள் வேறிடத்தில் வேலை செய்யமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த வாக்கை மீறாமல் தடுத்து நிறுத்த முடியும். இதற்கான முன்தீர்ப்பு நம் மகாராஷ்டிரத்திலிருந்தே போனது. கல்யாணில் இருந்த செஞ்சுரி ஆலையில் ஐந்து வருட ஒப்பந்தத்தில் சேர்ந்த நிரஞ்சன் சங்கர் கோலிகரி, இடையிலேயே விலகி கோட்டாவில் ராஜஸ்தான் ரேயானில் சேர்ந்தார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவரைக் கட்டுப்படுத்திய தடையாணையை 1967-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஒப்பந்தம் முடிந்த பிறகு? அதற்கும் ஒரு மகாராஷ்டிர வீரரின் வழக்கு இருக்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானின் விளம்பர வாய்ப்புகளைக் கவனித்த பெர்செப்ட் டி-மார்க் நிறுவனம், ஒப்பந்தம் முடிந்த பின்னரும் அவரிடம் வரும் வாய்ப்புகளில் முதல் உரிமை தனக்கே என்றது. 2006-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காலம் முடிந்தபின் நீளும் தடை பிரிவு 27-க்கு விரோதம்.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் கோடு தெளிவாகத் தெரியும். காலம் ஓடும்வரை வாக்குக்குக் கட்டுப்படு. காலம் முடிந்தால் நீ சுதந்திரன். நன்றிக்கடன் என்ற ஷரத்து சட்டத்தில் எங்கும் இல்லை. ஆபரேஷன் செலவைக் கிளப் ஏற்றது நல்ல செயல்தான், மதிக்க வேண்டியதுதான். அதே சமயம், வேலையில் இருந்தபோது பட்ட காயத்துக்கு வைத்தியம் பார்ப்பது அந்த ஒப்பந்தத்திலேயே கிளப் ஏற்றுக்கொண்ட கடமை. கடமையைச் செய்ததற்காக ஒருவனை ஆயுளுக்கும் கட்டிவைக்க முடியாது. கடமை இருக்கும்போது அவன் நழுவவும் முடியாது.

அப்பாவிடம் இதைச் சொன்னதும், “அப்ப போறது தப்பில்ல, போற விதம்தான் தப்பா இருந்துச்சு” என்றார். நான் பக்கம் பக்கமாகச் சொன்னதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

செய்தது இதுதான். அன்று மாலையே ரத்துக் கடிதத்தை அழிக்கச் சொன்னேன். மறுநாள் பையன் பயிற்சிக்குப் போனான். முழங்கால் வலி என்ற பேச்சு நின்றது. நிலுவைச் சம்பளத்தைக் கேட்டுக் கிளப்புக்கு மரியாதையான ஒரு கடிதம் அனுப்பினோம். அதிலேயே, ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு ஆட அவன் தயாராக இருக்கிறான், ஆனால் முன்னேற வாய்ப்பு வந்திருப்பதால் இரு தரப்புச் சம்மதத்துடன் விடுவிக்கக் கோருகிறான் என்றும் எழுதினோம். ஐஎஸ்எல் கிளப்புக்குத் தனியாக ஒரு கடிதம். விதி 18 என்ன சொல்கிறது என்று அதில் நினைவூட்டினேன்: வேறு கிளப்பில் இருக்கும் ஆட்டக்காரரிடம் பேசுமுன் அந்தக் கிளப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ மீதியிருந்தால்தான் ஆட்டக்காரர் தானாக இன்னொரு இடத்தில் கையெழுத்திட முடியும்.

ஏஜென்ட்டுக்குக் கோபம். ‘இப்படி எழுதினால் வாய்ப்பு போய்விடும்’ என்றார். போகவில்லை. உண்மையாகவே ஆட்டக்காரரை விரும்பும் கிளப் முறையாகக் கடிதம் எழுதும். திருட்டுத்தனமாக மட்டுமே எடுக்க நினைக்கும் கிளப்பை நம்பி இருக்கும் இடத்தை விடக்கூடாது.

மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசினோம். பழைய கிளப்பின் இயக்குநர் காயம், சிகிச்சை, வளர்த்த கதை எல்லாவற்றையும் சொன்னார். அவர் பேசி முடிக்கும்வரை நாங்கள் குறுக்கிடவில்லை. அவருடைய வருத்தம் நியாயமானது. சிறு கிளப்புகள் ஆளை உருவாக்குகின்றன, பெரிய கிளப்புகள் பறித்துக்கொள்கின்றன. ஆனால் அந்த வருத்தத்துக்கு டிரான்ஸ்ஃபர் தொகை என்று ஒரு மருந்து இருக்கிறது. வாடகைதாரர் சாவியைக் கையில் கொடுத்து, பாக்கியைத் தீர்த்துவிட்டுக் காலி செய்தால் வீட்டுக்காரருக்கு வழக்கு இல்லை. இங்கேயும் அதுதான் தேவைப்பட்டது. புதிய கிளப் ஒரு தொகை கொடுத்தது. பையனை அது பின்னால் வேறிடத்துக்கு விற்றால் அந்தத் தொகையில் ஒரு பங்கு பழைய கிளப்புக்கு என்று எழுதினோம். நிலுவைச் சம்பளம் வந்தது. ஜனவரி விண்டோ மூடுவதற்குள் தடையின்மைச் சான்று (என்ஓசி) கிடைத்தது. அதுவரை நடந்த ஆட்டங்களில் பையன் பழைய சட்டையில் முழுமூச்சாக ஆடினான்.

ஆட்டக்காரர் எப்போது, எப்படி கிளப் மாறலாம் என்ற கேள்வியில் உலகமும் இன்னும் முடிவுக்கு வரவில்லை. பெல்ஜியத்தின் போஸ்மன் வழக்கில் 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரருக்கு டிரான்ஸ்ஃபர் தொகை கேட்கக்கூடாது என்றது. பிரேசிலின் மாதுசலெம் 2007-இல் உக்ரைனின் ஷக்தார் டோனெட்ஸ்கை ஒப்பந்தத்தின் இடையில் விட்டு ஸ்பெயினின் சரகோசாவுக்குப் போனார். சுமார் 1.19 கோடி யூரோ இழப்பீடு கட்ட உத்தரவாயிற்று. பணம் கட்டாவிட்டால் ஆடவே கூடாது என்ற நிலை வந்தபோது, 2012-இல் சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஒரு மனிதன் பிழைக்கும் வழியையே அடைப்பது சட்டத்தின் அடிப்படைக்கு முரண் என்பது காரணம். லோகோமோட்டிவ் மாஸ்கோவுடன் ஒப்பந்தம் முறிந்த லஸ்ஸானா டியாராவை எடுக்கப் பயந்தன மற்ற கிளப்புகள். இழப்பீடு தங்கள் தலையிலும் விழும் என்ற அச்சம். 2024 அக்டோபர் 4-இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஃபிஃபாவின் அந்த விதிகளில் சில ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானவை என்றது. 17-ஆம் விதியை ஃபிஃபா திருத்த வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் அதே ஆண்டு அன்வர் அலி விவகாரம். டெல்லி எஃப்சியிலிருந்து நீண்ட கால லோனில் மோகன் பகானுக்கு ஆடியவர், அதை முறித்துக்கொண்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். செப்டம்பரில் பிளேயர்ஸ் ஸ்டேட்டஸ் கமிட்டி அவருக்கு நான்கு மாதத் தடையும், மோகன் பகானுக்கு 12.9 கோடி ரூபாய் இழப்பீடும், ஈஸ்ட் பெங்கால், டெல்லி எஃப்சி இரண்டுக்கும் இரண்டு விண்டோ பதிவுத் தடையும் விதித்தது. விஷயம் டெல்லி உயர்நீதிமன்றம் போனபின் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டு மறுவிசாரணைக்கு வந்தது. தண்டிப்பவர்களும் முறைப்படி விசாரித்துத்தான் தண்டிக்க வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம்.

விசுவாசம் பற்றிப் பேசும்போது புனேக்காரர்களான நாங்கள் மறக்கக்கூடாத கணக்கு ஒன்று உண்டு. 2007-இல் தொடங்கிய புனே எஃப்சி, 2012-13 ஐ-லீக்கில் இரண்டாம் இடம் வந்தது, 2015-இல் மூடப்பட்டது. பாரத் எஃப்சி ஒரே சீசன் ஆடியது. டிஎஸ்கே சிவாஜியன்ஸ் 2017-இல் ஐ-லீக்கை விட்டுப் போனது. எஃப்சி புனே சிட்டி 2019-இல் முடிந்தது. பத்தாண்டுக்குள் நான்கு கிளப்புகள் போயின. அவற்றில் ஆடியவர்கள் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊர் தேடினார்கள். முதலாளி கடையை மூடினால் அதை வியாபார முடிவு என்கிறோம். ஆட்டக்காரன் இடம் மாறக் கேட்டால் துரோகம் என்கிறோம். இந்த இரட்டை அளவை நான் ஏற்கவில்லை. ஒப்பந்தத்தில் இரண்டு கையெழுத்து இருக்கிறது. கட்டுப்பாடும் இரண்டு பேருக்கும்தான்.

அதேபோல், மீறல் நடந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியது தூண்டிய கிளப்பும் ஏஜென்ட்டும் என்பதே என் உறுதியான கருத்து. அவர்களிடம் பணமும் வக்கீலும் விதிப்புத்தகமும் இருக்கின்றன. அந்த 21 வயதுப் பையனிடம் இருந்தது ஒரு போனும் யாரோ எழுதிய கடிதமும். தண்டனை சம்பளத்தோடு முடிவதில்லை, ஆடும் வயதையும் தின்றுவிடுகிறது. கமிட்டிகள் தண்டனையை நிர்ணயிக்கும்போது இந்த வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும்.

பிள்ளைகளைக் கால்பந்துக்கு அனுப்பும் பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். 18 வயது நிறையாதவருக்கு மூன்று வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் கூடாது, மற்றவர்களுக்கு ஐந்து வருடமே உச்சம் என்பதை நினைவில் வையுங்கள். இவ்வளவு தொகை வந்தால் விடுவிக்க வேண்டும் என்ற ரிலீஸ் கிளாஸைக் கேட்டு வாங்குங்கள். சம்பளம் எந்தத் தேதியில் வரும், காயத்துக்கு யார் பொறுப்பு, புகார் எங்கே கொடுப்பது என்பவை எழுத்தில் இருக்கட்டும். சம்பளம் தாமதமானால் அந்த மாதமே எழுதிக் கேளுங்கள். நல்ல வாய்ப்பு வந்தால் உங்கள் கிளப்பிடம் நேராகச் சொல்லுங்கள். பயிற்சிக்குப் போகாமல் இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் பிள்ளையின் எதிர்காலத்தைப் பணயம் வைக்கிறார் என்று புரிந்துகொண்டு அவரை அன்றே விலக்கிவிடுங்கள்.